பல் மருத்துவத் தேர்வில் நோயாளியாக நடிப்பவருக்கு என்ன பயிற்சி கொடுப்பார்கள்?

‘ஓஸ்கி தேர்வில் நோயாளியாக வந்து உட்காருபவருக்கு நன்றாக நடிக்கத் தெரிந்தால் போதாதா?’ என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். போதாது என்பதுதான் என் பதில். ஓஸ்கி (OSCE) என்பது, மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒவ்வொரு மேசைக்கும் சென்று, அங்கே தரப்படும் ஒரே வேலையைச் செய்துகாட்டும் செயல்முறைத் தேர்வு.

வட சென்னையில் பல ஆண்டுகளாக இந்தப் பயிற்சியைக் கொடுத்து வருகிறேன். முதல் மாணவரிடம் சொன்னதையே இருபதாவது மாணவரிடமும், கூட்டாமல் குறைக்காமல் சொல்பவர்தான் எங்களுக்கு வேண்டும். நலமாக உள்ள ஒருவரை நோயாளியாகப் பழக்கி மாணவரைச் சோதிக்கும் வழக்கத்தை 1963-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கினார். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் ஓஸ்கி முறையை வெளியிட்டபோதும், எல்லா மாணவருக்கும் ஒரே சோதனை என்பதே அதன் உயிர்நாடி.

ஆகவே, தானாகச் சொல்ல வேண்டியது எது, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது எது என்று பிரித்துத்தான் பாத்திரத்தை எழுதுகிறோம். “ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுனு தெறிக்குது டாக்டர்” என்பது தொடக்க வரி. குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் வெகுநேரம் நீடிக்கிறது, சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு என்பவை கேட்டால் மட்டும் வரும் பதில்கள். ஒரு தேர்வில் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா, எதிரே அமர்ந்த மாணவனின் கை நடுங்குவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், “தம்பி, நான் சுகர் மாத்திரை போடுறேன்பா” என்று தாமாகவே சொல்லிவிட்டார். அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணை எல்லோருக்கும் நீக்க வேண்டியதாயிற்று. தவறு என்னுடையது, ஏன் சொல்லக்கூடாது என்பதை நான் அவருக்கு விளக்கவே இல்லை. இப்போது முதல் நாள் பாடமே அதுதான்.

பல் மருத்துவத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நெஞ்சு வலி என்று நடிப்பவரின் நெஞ்சுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வாயைத் திறந்தாலோ கதை பொய்யாகிவிடும். அதனால் பயிற்சிக்கு முன்பே ஒவ்வொருவரின் வாயையும் பரிசோதித்து, இருக்கும் பற்களுக்கு ஏற்பக் கதையை அமைக்கிறோம், அல்லது வாய்க்குள் பார்க்க முனையும் மாணவரிடம் புகைப்படத்தையும் எக்ஸ்ரேயையும் நீட்டச் சொல்கிறோம். ஊசி போடுவதும் பல்லைக் குடைவதும் பொம்மைத் தலையில் மட்டுமே.

மாவா, பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாய் இறுகிப்போனவராக நடிப்பதுதான் மிகவும் கடினம். இயல்பாகத் திறக்கும் வாயில் அவரவர் விரல்கள் மூன்று செங்குத்தாக நுழையும். இவரோ ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கக்கூடாது. கண்ணாடி முன் நின்று, தன் விரலையே பற்களுக்கிடையே வைத்து, அந்த அளவைத் தாடை மறக்காத வரை பழகுவார். “காரம் பட்டா எரியுது, சோறு உருட்டி வைக்க முடியல” என்று அவர் சொல்லும்போது வாய் அகலக் கூடாது. ஐந்தாறு மாணவர்களுக்குள் தாடை வலிக்கத் தொடங்கிவிடும் என்பதால், ஒரே பாத்திரத்துக்கு இருவரைத் தயார்செய்து, ஒருவர் பதிலை மற்றவர் கேட்டுத் திருத்தும்படி அருகருகே உட்கார வைத்துப் பயிற்சி தருகிறோம்.

முன் பரிசோதனையில் எவருக்கேனும் உண்மையிலேயே சொத்தைப் பல் தெரிந்தால், சிகிச்சை முடிந்த பிறகுதான் அவரைப் பயிற்சியில் சேர்க்கிறோம்.