கணினியில் வரைந்த விமானத்துக்கு நிஜச் சோதனை எதற்கு?

கேள்வி: விமானத்தை முழுக்கக் கணினியிலேயே வடிவமைத்து, எவ்வளவு தாங்கும் என்றும் கணக்குப் போட்டுவிடுகிறார்களே, அப்புறம் ஏன் நிஜ இறக்கையை உடைத்துப் பார்க்கிறார்கள்?

பதில்: போட்ட கணக்கு சரியா என்று தெரிய வேண்டாமா, அதற்குத்தான். முழுக்கக் கணினியில் வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் ஜெட் போயிங் 777. பிரான்சின் கேட்டியா மென்பொருளில் ஒவ்வொரு பாகத்தையும் முப்பரிமாணத்தில் வரைந்து, எது எதோடு இடிக்கிறது என்று திரையிலேயே பார்த்துத் திருத்தினார்கள். முன்பெல்லாம் இதற்காகவே முழு அளவு மாதிரி ஒன்றைச் செய்வார்கள். அப்படியும் 1995 ஜனவரியில் ஒரு விமானத்தின் இறக்கைகளை மேல்நோக்கி வளைத்துக்கொண்டே போனார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையில் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. நுனி சுமார் 24 அடி மேலே போய், அந்த அதிகபட்சச் சுமையில் 154 சதவீதத்தில்தான் முறிந்தது. எவ்வளவு துல்லியம் பாருங்கள்!

ஆனால் மென்பொருள் மட்டும் போதாது. ஏர்பஸ் ஏ380க்கு ஜெர்மனியில் கேட்டியாவின் பழைய பதிப்பிலும் பிரான்சில் புதிய பதிப்பிலும் வேலை செய்ததால், பிரான்சின் துலூஸ் நகரில் பாகங்களைப் பொருத்தும்போது மின்கம்பிகள் நீளம் பற்றவில்லை. எல்லோரும் ஒரே பதிப்பில்தான் வரைய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கறாராக இருந்திருக்க வேண்டும். இந்தக் குழப்பத்தால் தாமதமாகி, முதல் ஏ380 விமானத்தை ஒப்படைக்க 2007 அக்டோபர் ஆகிவிட்டது.