உங்கள் தண்ணீரில் இருப்பது அழுக்கா, கிருமியா, உப்பா?

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக் குடிநீர் பற்றிக் கேள்வி அனுப்பும்படி போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எந்த மிஷின் வாங்கலாம்?’ என்றுதான் கேட்டிருக்கின்றன. உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மிஷின் பெயர் சொல்வது நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதைப் போல. அதனால் கம்பெனி பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை.

எங்கள் ஃப்ளாட்டுக்கு ஆர்.ஓ. விற்க ஒருவர் வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் இரண்டே நிமிடத்தில் பழுப்பாகி, சாக்கடை மாதிரி நுரைத்தது. அவர் தண்ணீர் அப்படியே இருந்தது. மீட்டரில் எங்கள் டி.டி.எஸ். 410 என்று காட்டினார். அன்றிலிருந்து என் மாமியார் குழாய்த் தண்ணீரைத் தொடுவதில்லை. இத்தனை நாள் இதையா குடித்தோம்?
— வாசகி, பல்லாவரம்

முதலில் மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது.

அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று அலுமினியம். கரண்ட் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் தண்ணீரில் கலக்கும். பழுப்பும் பச்சையுமாக மிதந்தது அதுதான். சரி, அவருடைய டம்ளர் ஏன் மாறவில்லை? ஆர்.ஓ. என்பது தண்ணீரைச் சன்னமான சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை, அந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. உப்பு இல்லாத தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. அந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடச் சொல்லியிருந்தால், அதுவும் உங்கள் கண்ணெதிரே சாக்கடையாகியிருக்கும். எங்கள் கூடத்தைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இதைச் செய்து காட்டியிருக்கிறேன். உப்பைப் போட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். (கரண்ட் விஷயம், வீட்டில் யாரும் முயல வேண்டாம்.)

வயதானவர்களைப் பயமுறுத்தி விற்கும் இந்த வித்தை எனக்கு ஆறாத கோபம். நல்ல தண்ணீரை விஷம் என்று நம்பவைத்துவிடுகிறார்கள்.

இப்போது 410-க்கு வருவோம். டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. இந்தியத் தரநிலை 500 வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. உப்புக்காக உங்களுக்கு ஆர்.ஓ. தேவையில்லை. சாதாரண வீட்டு ஆர்.ஓ. ஒரு குடம் நல்ல தண்ணீர் தர ஏறக்குறைய மூன்று குடத்தைக் கழிவாகத் தள்ளும். டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய விதி கொண்டுவரும்படி 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டதற்கு இந்த விரயமும் ஒரு காரணம்.

ஆனால் 410 என்றால் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. உங்கள் பக்கத்து ஃப்ளாட்டுகளில் மெட்ரோ, போர், லாரி என்று மூன்று தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கும். சம்ப்பைக் கழுவி எத்தனை மாதம் ஆயிற்று என்று அசோசியேஷனில் கேளுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீரைக் கொடுத்து ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். வேதிப் பரிசோதனையில் பழுது இல்லையென்றால், காய்ச்சிக் குடிப்பது போதும். அடுப்பு வேலை முடியாது என்றால் கார்பனும், கிருமியைக் கொல்லும் புற ஊதா ஒளி விளக்கும் (யு.வி.) உள்ள ஃபில்டர். யு.வி. விளக்கை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் பலம் குறைந்துவிடும்.

எங்களுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். புது வீட்டுக்கு ஆர்.ஓ. வைக்கலாமா, யு.வி. வைக்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

சிறுவாணிக்கு ஆர்.ஓ.வா! இருக்கிற கொஞ்சம் உப்பையும் எடுத்துவிட்டு, மூன்று பங்கைச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் மேல்தொட்டியைச் சுத்தமாக வையுங்கள். காய்ச்சுங்கள், அல்லது யு.வி. வையுங்கள். மழைக்காலத்தில் கலங்கி வந்தால் முதலில் வடிகட்ட வேண்டும், கலங்கல் தண்ணீருக்குள் யு.வி. ஒளி போகாது.

எங்கள் போர் தண்ணீரை இருபது நிமிடம் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். ஆனாலும் பிள்ளைகள் பல்லில் காவி ஏறுகிறது. இன்னும் அதிக நேரம் கொதிக்கவைக்க வேண்டுமா?
— வாசகி, பென்னாகரம் வட்டம்

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். உங்கள் பக்கத்துப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் இறங்குகிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போவதால் மிச்சத் தண்ணீரில் அது கெட்டிப்படும். ஐந்து லிட்டரை நான்காகச் சுண்டவைத்தால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தது 2.5 ஆகிவிடும். தரநிலை ஏற்பது 1, வேறு வழியில்லை என்றால் 1.5.

என் வேலை தொடங்கியதே தருமபுரியில்தான். நாற்பது வயதில் இடுப்பு வளைக்க முடியாமல், தோட்டத்து வேலையை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை அங்கே பார்த்தேன். பல்லில் காவி தெரிந்த காலத்திலேயே தண்ணீரை மாற்றியிருந்தால் அவர்களுக்கு அந்த நிலை வந்திருக்காது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உங்கள் மாவட்டத்துக்காகவும் கிருஷ்ணகிரிக்காகவும் போட்டதுதான். அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு வந்தால் குடிக்க மட்டுமல்ல, உலை வைக்கவும் குழம்புக்கும் அதையே எடுங்கள். போர் தண்ணீரில் சமைத்தால் ஃப்ளோரைடு சோற்றோடு உள்ளே போகும். குளிக்க, துணி துவைக்க போர் தண்ணீர் போதும். அந்தக் குழாய் வராத இடத்தில்தான் ஆர்.ஓ. நியாயமான செலவு. கேண்டில் ஃபில்டரோ யு.வி.யோ இதற்கு உதவாது.

பெரிய பிள்ளைகளின் பல்லில் ஏறிய கறை தண்ணீரை மாற்றினாலும் மறையாது. ஏறக்குறைய எட்டு வயதுக்குள், பல் உருவாகும்போதே படிவது அது. கடைக்குட்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் மிஷின் வைத்திருக்கிறான், ‘அப்பா, உங்களுக்கும் ஒன்று அனுப்பட்டுமா?’ என்கிறான். எங்கள் போர் தண்ணீர் டி.டி.எஸ். 3,400, வாயில் வைக்க முடியாது. அது வரும்வரை குக்கரில் டியூப் மாட்டி வடிக்கலாமா? பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் இதே தண்ணீர்தானே, குடிக்கலாமா?
— வாசகர், ராமநாதபுரம்

காய்ச்சி வடிப்பது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவர்கள் வாலை என்னும் வடிகலத்தில் வடிக்கும் தீநீர் இதே வேலைதான். குழந்தைக்குக் கொடுத்த ஓமவாட்டரும் அப்படி வந்ததுதான். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் எல்லாம் அடியிலேயே தங்கிவிடும், கிருமியும் சாகும். எளிதில் ஆவியாகும் சில ரசாயனங்கள் மட்டும் ஆவியோடு சேர்ந்து வரலாம். அதற்காகத்தான் மகன் வீட்டு மிஷினின் வாயில் சின்னக் கார்பன் பை இருக்கும். சுத்தம் என்று பார்த்தால் இதற்குமேல் வீட்டு முறை இல்லை.

இடிப்பது கரண்ட் பில். ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம் கொஞ்சம்தான். அதை முழுக்க ஆவியாக்க அதைப்போல் ஏழரை மடங்குக்கு மேல் வேண்டும். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 0.7 யூனிட். நாலு பேர் வீட்டுக்குக் குடிக்க மட்டும் நாளைக்குப் பத்து லிட்டர் என்றாலும் ஏழு யூனிட், மாதம் 210. மேஜைமேல் வைக்கும் மிஷின் நாலு லிட்டர் வடிக்கவே நாலைந்து மணி நேரம் எடுக்கும். உங்கள் 3,400 தண்ணீரில் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு தடித்துப் படியும், எலுமிச்சைச் சாறு ஊற்றி அடிக்கடி கழுவ வேண்டும். நீங்களும் வீட்டம்மாவும் மட்டும் என்றால், குடிக்கிற ஐந்து லிட்டருக்கு வாங்கலாம். மகன் அனுப்புவதானால், அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதைப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

குக்கர் வேண்டாம். டியூப் எங்காவது மடங்கி அடைத்தால் குக்கர் வெடிக்கும். சூட்டில் பிளாஸ்டிக் டியூபும் தண்ணீரில் இறங்கும். அவசரத்துக்கு ஒரு வழி: பெரிய அண்டாவில் கொஞ்சம் போர் தண்ணீர், நடுவில் முக்காலிமேல் ஒரு கிண்ணம், அண்டாவை மூடும் தட்டைக் குமிழ் உள்ளே இருக்கும்படி கவிழ்த்து, மேலே குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். சிறு தீயில் ஆவி தட்டில் பட்டுக் கிண்ணத்தில் சொட்டும்.

பேட்டரித் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அதில் நிறைய இப்போது வடித்ததே இல்லை, உப்பைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள் வழியாக விட்டு உப்பை மட்டும் நீக்கியது. கிருமிக்கு யாரும் பொறுப்பில்லை, கேனும் உணவுக்கான பிளாஸ்டிக் அல்ல.

வடித்தெடுப்பதைப் பெரிய அளவில் மலிவாகச் செய்த இடம் ஒன்று உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் லட்சத்தீவின் கவரத்தித் தீவில் கடல்நீரை வடிக்கும் ஆலை அமைத்தது. நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். கொதிக்கவைப்பதே இல்லை. காற்றழுத்தத்தைக் குறைத்தால் கடலின் மேல்மட்ட வெதுவெதுப்பிலேயே தண்ணீர் ஆவியாகிவிடும். ஆழத்திலிருந்து இழுத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் திரும்பத் தண்ணீராக்குகிறார்கள். அதைப் பற்றி முதலில் கேட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வீட்டு ஆர்.ஓ. பெரும்பாலும் 2,000 வரைக்கும்தான் தாங்கும். 3,400 என்றால் அதன் சவ்வு (மெம்பரேன்) சீக்கிரம் போய்விடும். என் யோசனை வேறு. உங்கள் ஊருக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை உண்டு. நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். முதல் மழையை மாடி கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைத் துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத தொட்டியில் பிடியுங்கள். குடிக்கும்போது காய்ச்சிக்கொள்ளுங்கள். மிஷினை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் டி.டி.எஸ். 280. கற்கண்டு மாதிரி இருக்கும். ஃபில்டரே தேவையில்லைதானே?
— வாசகர், கும்பகோணம் அருகே

ருசியை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு கிராமத்தில் மாதிரி எடுக்கப் போனபோது, கிணற்றுக்காரர் ஆசையாகக் கொடுத்த தண்ணீரை இரண்டு சொம்பு குடித்தேன். அவ்வளவு இனிப்பு. மறுநாள் கூடத்தில் பார்த்தால் மலக் கிருமி. பதினைந்து அடியில் கழிப்பறைக் குழி. அந்தத் தெருவில் அந்த மாதமே நாலு பேருக்கு மஞ்சள் காமாலை. தரநிலைப்படி 100 மில்லி தண்ணீரில் இ.கோலை என்னும் மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி கிடைத்தால் வீட்டிலேயே பார்க்கலாம். தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்து, கறுத்தால் கிருமிக்கு அடையாளம்.

அதுவரை தளதளவென்று கொதிக்கவைத்துக் குடியுங்கள். கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். ஆறடி அகல வட்டக் கிணறு, பத்தடி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 8,000 லிட்டர், இருபது கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் இரவில் ஊற்றுங்கள், காலையில் இறைக்கலாம். பாட்டி காலத்துத் தேற்றாங்கொட்டையைக் குடத்தில் உரைத்தால் கலங்கல் படியும். நல்ல வழிதான், ஆனால் அதைக் கிருமிக்கு நம்ப வேண்டாம்.

எங்கட வளவுக் கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி. சுத்திவர வெங்காயத் தோட்டம். மகளுக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம், தாய்ப்பால் காணாது எண்டு கொதித்தாறின தண்ணியில பால்மாவும் கரைச்சுக் குடுக்கிறம். கேண்டில் ஃபில்டரும் இருக்குது. இது போதும்தானே?
— வாசகி, யாழ்ப்பாணம்

எல்லாக் கடிதத்திலும் எனக்கு அவசரமாகப் பட்டது உங்களுடையதுதான். உங்கள் மண் சுண்ணக்கல். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலக்குழிக் கழிவும் அதில் சட்டென்று இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். அங்கே அது நைட்ரேட்டாக இருக்கும். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. கேண்டிலில் நிற்காது, கொதித்தால் இன்னும் கூடும். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் உடம்பிலோ ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும்.

தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து நைட்ரேட் மட்டுமாவது பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம். அறிக்கையில் ‘நைட்ரேட்-நைட்ரஜன்’ என்று போட்டிருந்தால் எல்லை 11.

முடிவு வரும்வரை பால்மாவுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம்பகமான போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து எடுங்கள். மகள் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், தாய் குடிக்கும் நைட்ரேட் பாலில் அவ்வளவாக ஏறாது. பிள்ளையின் உதடோ நகமோ நீலமாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்ததை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழ் வரை காத்திருக்காமல் தனியாகவே பதில் போடுகிறேன்.