கார் விபத்தும் காயத்துக்கான காப்பீடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விபத்தில் அடிபட்டவருக்குக் கார் காப்பீட்டிலிருந்து என்ன கிடைக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே நம்பிக்கை தெரிகிறது. "ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம், யார் ஓட்டினாலும், யாருக்கு அடிபட்டாலும் பணம் வந்துவிடும்" என்பதே அது. நம் நாட்டு மோட்டார் பாலிசி அப்படி எழுதப்படவில்லை. காரின் சேதம், நம் வண்டியால் பாதிக்கப்படும் பிறருக்கு, அதாவது மூன்றாம் நபருக்கான இழப்பீடு, உரிமையாளரின் உயிரும் உறுப்பும் என மூன்றும் அதில் தனித்தனிப் பிரிவுகளாக உள்ளன. அடிபட்டவர் எந்தப் பிரிவில் வருகிறார் என்பதைப் பொறுத்தே பணம் வருவதும் வராததும் அமைகிறது.

கேள்வி: கார் என் மனைவியின் பெயரில் இருக்கிறது. நான் ஓட்டிச் சென்றபோது சாலைத் தடுப்பில் மோதி என் கால் முறிந்தது. பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தும் நிறுவனம் மறுக்கிறது. இது சரியா? (சேலம் வாசகர்)

பதில்: வருத்தமான பதில்தான், ஆனால் நிறுவனம் சொல்வது சரி. அந்த 15 லட்சம் "உரிமையாளர்-ஓட்டுநர்" என்ற ஒரே நபருக்கானது. ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளராகவும் பாலிசியில் காப்பீடு பெற்றவராகவும் இருப்பவர் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமத்துடன் அந்த வண்டியை ஓட்டும்போதும், அதில் ஏறி இறங்கும்போதும், துணை ஓட்டுநராகப் பயணிக்கும்போதும் மட்டுமே அது பொருந்தும். கணவர், மகன், தம்பி என எவ்வளவு நெருங்கிய உறவானாலும் ஆர்.சி.யில் பெயர் இல்லாதவருக்கு அதில் இடமில்லை. உங்கள் மனைவியிடம் உரிமம் இல்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். உரிமம் இல்லாத உரிமையாளருக்கு இந்தக் காப்பீட்டை வழங்கவே கூடாது என்பது விதி. ஏஜென்ட் அதைக் கேட்காமலேயே பிரீமியத்தை வாங்கியிருந்தால், அது வீட்டில் ஒருவருக்கும் பயன்படாத பிரீமியம்.

மூன்றாம் நபர் பிரிவிலும் உங்களுக்கு வழியில்லை. உரிமையாளரிடமிருந்து வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகவே கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் நிங்கம்மா வழக்கிலும் 2020-இல் ராம்கிலாடி வழக்கிலும் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேறொரு வண்டியின் தவறால் விபத்து நடந்திருந்தால், அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் நீங்கள் தாராளமாக இழப்பீடு கோரலாம். தடுப்பில் மோதியது என்பதால் அதற்கும் இடமில்லாமல் போகிறது. கார் சேதத்துக்கான பணம் மட்டும், உங்களிடம் உரிமம் இருந்தால், கிடைக்கும். மருத்துவச் செலவுக்கு உங்கள் மருத்துவக் காப்பீட்டைத்தான் நம்ப வேண்டும்.

இனி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் அதிகம் ஓட்டுபவர் யாரோ அவர் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுங்கள். அது வண்டியோடு கட்டப்பட்டதல்ல. எந்த வண்டியில் போனாலும், நடந்து போனாலும் பொருந்தும். எலும்பு முறிந்து வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் பிரிவையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இந்த 15 லட்சம் எங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பாலிசியின் முதல் தாளில் பிரீமியக் கணக்கு இரண்டு பத்திகளாக அச்சாகியிருக்கும். அதில் பொறுப்புப் பிரிவின் கீழ் "பி.ஏ. கவர் ஃபார் ஓனர் டிரைவர்" (பி.ஏ. என்றால் தனிநபர் விபத்து) என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு நேரே தொகை எதுவும் இல்லையென்றால் காப்பீடும் இல்லை. நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இந்தத் தொகை ஒரு காலத்தில் இரு சக்கர வாகனத்துக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்றுதான் இருந்தது. அது போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் சுட்டிக்காட்டிய பின்னரே, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 செப்டம்பரில் அதை 15 லட்சமாக உயர்த்தியது. வேறு பாலிசியில் 15 லட்சத்துக்குக் குறையாத விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் இதைத் தவிர்க்கலாம் என்ற சலுகையும் உண்டு. இணையத்தில் புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாய் குறைகிறதே என்று, அப்படி எந்தப் பாலிசியும் இல்லாதவர்கள்கூட "எனக்கு ஏற்கெனவே இருக்கிறது" என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: என் காரில் வந்த நண்பருக்கு முதுகில் பலத்த அடி. அவருக்கு என் பாலிசி உதவுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உங்களிடம் இருப்பது காரின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசியா, மூன்றாம் நபருக்கு மட்டுமான வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியா என்பதுதான் இங்கே முக்கியம். பேக்கேஜ் பாலிசி தனியார் காரில் பயணிப்பவர்களுக்கும் பொருந்தும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் விளக்கம் அளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2012-இல் அதை உறுதி செய்தது. ஆகவே, உங்கள் தவறால் விபத்து நடந்திருந்தாலும் உங்கள் நண்பர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்களையும் நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து மனு போடலாம். இதில் நட்பு கெடும் என்று தயங்க வேண்டாம். நீங்கள் பிரீமியம் கட்டியது இதற்காகத்தான். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியாக இருந்தால், இலவசமாக ஏற்றிச் சென்ற பயணிக்கு நிறுவனம் பொறுப்பேற்காது, முழுச் சுமையும் உங்கள் மீதே விழும்.

கேள்வி: விபத்து நடந்த அன்றே மருத்துவமனையில் பணம் கேட்கிறார்கள். இழப்பீடு வரும்வரை என்ன செய்வது?

பதில்: மோட்டார் பாலிசியின் 15 லட்சம் மருத்துவமனைக் கட்டணத்துக்கானது அன்று. உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே அது தரப்படும். முதல் நாட்களுக்கு அரசுத் திட்டங்களே கைகொடுக்கும். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை "நம்மைக் காக்கும் 48" திட்டம் ஏற்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டபோது 1 லட்சமாக இருந்த அதன் வரம்பு பின்னர் 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

இந்த நேரத்தில் குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய தாள் ஒன்று உள்ளது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. போலீஸ் வழக்கு வேண்டாமே என்று, உடன் வந்தவர் "வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்" என்று சொல்ல, மருத்துவரும் அதையே எழுதிவிடுகிறார். பிறகு எதிரே வந்த லாரிதான் மோதியது என்று தீர்ப்பாயத்தில் சொல்லும்போது நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். நடந்ததை நடந்தபடி, மோதிய வண்டியின் எண்ணோடு சொல்லுங்கள். மது வாடை இருந்ததாக அதில் குறிப்பு இருந்தால், உரிமையாளருக்கான 15 லட்சத்தை மறுக்க நிறுவனம் அதையே ஆதாரமாகக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: என் பெயரில்தான் கார். விபத்தில் கை முறிந்து, 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். 15 லட்சத்தில் 40 சதவீதம் கிடைக்குமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: கிடைக்காது. இந்தக் காப்பீட்டில் சதவீதக் கணக்கு அப்படிப் போடப்படுவதில்லை. உயிரிழப்பு, இரண்டு கை கால்களின் இழப்பு, இரு கண் பார்வை இழப்பு, ஒரு கை அல்லது காலுடன் ஒரு கண் பார்வையும் போவது, முழுமையான நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு முழுத் தொகை; ஒரு கை அல்லது கால், அல்லது ஒரு கண் பார்வை போனால் பாதி. இவற்றுக்கு இடைப்பட்ட எதற்கும் பணமில்லை.

ஆனால் அந்தச் சான்றிதழை எறிந்துவிடாதீர்கள். மற்றொரு வண்டியின் தவறால் அடிபட்டிருந்தால், தீர்ப்பாயத்தில் அதற்கு மதிப்பு உண்டு, சில நேரம் அதில் எழுதியிருப்பதைவிடக் கூடுதல் மதிப்பே உண்டு. உடலின் ஊனம் எத்தனை சதவீதம் என்பதைவிட, அதனால் பிழைப்பு எவ்வளவு போயிற்று என்பதையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் வழக்கில் வகுத்தது. இடது கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ வருமானம் முழுவதும் போகலாம், அதே கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடரலாம் என்பது அந்தத் தீர்ப்பு தரும் விளக்கம். ஆகவே நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், அதில் அந்தக் கை எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதை மனுவில் விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மோதிய கார் நிற்காமல் போய்விட்டது. எண்ணும் தெரியவில்லை.

பதில்: அடையாளம் தெரியாத வண்டியால் உயிரிழந்தால் 2 லட்சம், கொடுங்காயம் ஏற்பட்டால் 50,000 ரூபாய் என 1.4.2022 முதல் சட்டத்தில் வழி உள்ளது. முதல் தகவல் அறிக்கையுடன் வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் வங்கிக் கணக்கில் ஆண்டுதோறும் 20 ரூபாய் பிடிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டமாக இருந்தால், உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் தனியே கிடைக்கும். வீட்டில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

கேள்வி: எவ்வளவு நாட்களுக்குள் மனு போட வேண்டும்? நிறுவனம் மறுத்தால் எங்கே போவது?

பதில்: தீர்ப்பாய மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பு 1.4.2022 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த வரம்பை எதிர்த்த வழக்குகளில், காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள், ஆறு மாதக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம்.

உரிமையாளருக்கான 15 லட்சத்தை நிறுவனம் மறுத்தால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. மூன்றாம் நபர் இழப்பீட்டு வழக்குகளை மட்டும் அவர் விசாரிக்க மாட்டார். தீர்ப்பாயம் குறைவாகக் கொடுத்துவிட்டது என்று கருதினால், தீர்ப்பு வந்த 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும்.