பில் கவுண்டரில் ஊழியம் உண்டா?

கேள்வி: 17 வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் முழுநேர ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். அப்பா இறந்ததால் குடும்பத்துக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பில் போடும் வேலைக்கு வந்தேன். ஷிஃப்ட் காரணமாகப் பல ஞாயிறுகளில் ஆராதனைக்குக்கூடப் போக முடிவதில்லை. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேனோ?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரி, தகப்பனை இழந்த வீட்டைத் தாங்குவதற்காக வேலைக்குப் போனவரை நான் வாக்கு மீறியவராகப் பார்க்கவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் பவுல். அந்த உறுத்தலை இறக்கி வையுங்கள்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். 'பரிசுத்தராயிருங்கள்' என்று தொடங்கும் அதிகாரம், முடியும்போது தராசும் படிக்கல்லுமாகச் சந்தைக்கு வந்து நிற்கிறது. அளவிலும் நிறையிலும் அநியாயம் கூடாது என்கிறது. உங்கள் கையில் இருக்கும் தராசு அந்த பில்தான். டிஸ்சார்ஜ் நாளில், முந்தானையில் முடிந்த பணத்தோடு ஒரு தாய் வந்து நிற்கிறார். திருப்பிக் கொடுத்த மருந்துக்கான தொகை கழிக்கப்பட்டதா, அறை வாடகை ஒரு நாள் கூடுதலாக ஏறிவிட்டதா என்றெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது. அவருக்காக நீங்கள் பார்க்கிறீர்கள். இது ஸ்கேன், இது மருந்து என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டுகிறீர்கள். இதை ஊழியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. கவுண்டரில் கைப்பிரதி கொடுங்கள் என்று சொல்லவரவில்லை. பணத்துக்குத் தவித்து நிற்பவரிடம் அந்த நேரத்தில் பிரசங்கம் செய்வது அன்பாகாது.

மேடையில் நிற்பவர் மட்டுமே ஊழியர் என்று நம் சபைகள் பழக்கிவிட்டதில் எனக்கு மிகுந்த வருத்தம். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் முழுமையாக அச்சேறியது. அதை மொழிபெயர்த்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்து, தாள் கட்டுப்படியாகாமல் போனபோது, பக்கத்துப் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துக் கொடுத்த கைகளை யார் நினைக்கிறோம்?

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே செய்யச் சொல்லும் கொலோசெயர் வசனத்தைக் காட்டி, கூடுதல் வேலைக்குச் சம்பளம் கேட்காதே என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வேலைக்காரருக்கு நீதியானதைச் செய்யுங்கள் என்று எஜமான்களுக்கும் அதே நிருபத்தில் கட்டளை இருக்கிறது. செய்யாத பரிசோதனையை பில்லில் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேலைக்கே ஆபத்து வரலாம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஆராதனையை விட்டுவிடாதீர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது ஷிஃப்ட்டை மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேளுங்கள். உடன் வேலை செய்பவர்கள் தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் விடுப்பு எடுக்கும்போது அவர்களுடைய ஷிஃப்ட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். முழுநேர ஊழியத்தின் மீது இன்னமும் பாரம் இருந்தால், உங்கள் ஆயரிடம் மனம் திறந்து பேசுங்கள். தம்பி தங்கையர் நிலைப்படும்வரை காத்திருப்பதில் தவறில்லை.