3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய மைவி கார் எண்ணெய் குடிக்கிறதா? திறப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அண்ணே, என்னுடையது 2008 பெரொடுவா மைவி 1.3 கார். 3,10,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குறைகிறது, பின்னால் நீலப் புகை. ஒரு பட்டறையில் இன்ஜினை முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்யவேண்டும் என்கிறார்கள், இன்னொருவர் ஹாஃப் கட் (வெட்டி எடுத்த பழைய காரின் முன்பாதி) இன்ஜின் போடச் சொல்கிறார். கையில் 3,000 வெள்ளிதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டு பேருமே புகையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் எதையும் அளந்ததாகத் தெரியவில்லை. பணம் குறைவாக இருக்கும்போது முதல் செலவு அளப்பதற்குத்தான் போகவேண்டும்.

முதலில் பிசிவி வால்வை, அதாவது இன்ஜின் அடியில் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் சின்ன வால்வை, கழற்றி ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வரவில்லை என்றால் அடைத்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். சின்ன சாமான்தான், ஆனால் அது அடைத்தாலும் எண்ணெய் குறையும்.

அப்புறம் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவிலிருந்து கோலாலம்பூர் பக்கம் இறங்கும்போது, நீங்கள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டதால் இன்ஜின் உள்ளே வெற்றிடம் அதிகமாகி, தேய்ந்த வால்வ் சீல் (வால்வ் தண்டில் எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) வழியாக எண்ணெயை உறிஞ்சும். அடிவாரத்தில் மறுபடி மிதித்ததும் குப்பென்று ஒரு நீலப் புகை வந்து நின்றுவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தாலும் சீல் மேல்தான் சந்தேகம். ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போது விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம்.

அதை உறுதி செய்ய கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று கேஜ் வைத்து அளப்பது. இன்ஜின் சூடாக இருக்கவேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, காயில், இன்ஜெக்டர் இணைப்புகள் கழற்றியிருக்கவேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்திருக்கவேண்டும். நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றி மறுபடி பாருங்கள்: எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். ஒன்றை மறக்காதீர்கள், கம்ப்ரெஷனைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு ரிங்குகள்தான். மூன்றாவதான ஆயில் ரிங் கரி பிடித்து இறுகிப்போயிருந்தால் கம்ப்ரெஷன் நன்றாகவே காட்டும், எண்ணெய் மட்டும் குறையும். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் கேஜ் போட்டு, சூடான நிலையில் ஐட்லிங்கில் பிரஷரையும் பார்த்துவிடுங்கள். மிகவும் குறைவாக இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

வெறும் சீல் என்றால் ஹெட்டைக் கழற்றக்கூடத் தேவையில்லை. பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வ் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு மாற்றிவிடலாம். உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் மிச்சமாகும் வேலை இது.

ரிங் என்றால்தான் யோசிக்கவேண்டும். "ரிங் மட்டும் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், போர் கேஜ் (சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்தீர்களா என்று கேளுங்கள். சிலிண்டரை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், இரண்டு திசையிலும் அளக்கவேண்டும். முட்டை வடிவத்துக்குத் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போட்டால் அது சுவரில் சரியாக உட்காராது, கொஞ்ச நாளில் அதே புகை, பணமும் போய்விடும். அளவு கம்பெனி சொன்ன வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் (சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்ப்பது), புது ரிங், புது பேரிங் போதும். பழைய பிஸ்டனையே பள்ளங்களில் உள்ள கரியைச் சுரண்டி, ஆயில் ரிங் பின்னால் இருக்கும் துளைகளைத் திறந்து போடலாம். வரம்பைத் தாண்டியிருந்தால் போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), ஓவர்சைஸ் பிஸ்டன் என்று செலவு ஏறும். அந்த நிலையில் 3,000 வெள்ளியை வைத்துக்கொண்டு நான் திறக்கச் சொல்லமாட்டேன், ஹாஃப் கட் பக்கம் போவேன்.

மைவிக்கு ஒரு வசதி உண்டு. முதல் தலைமுறை டொயோட்டா பாஸ்ஸோ 1.3, டைஹாட்சு பூன் 1.3 இரண்டிலும் இதே கே3-விஇ இன்ஜின்தான், அதனால் அவற்றின் ஹாஃப் கட்டையும் தேடலாம். கோலாலம்பூரில் செகாம்புட் பக்கம் தேடுங்கள், ஆனால் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புச் சேறு இருக்கிறதா என்று பார்க்காமல், கம்ப்ரெஷன் அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின் எண் மாறுவதால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவை மாற்றவேண்டும், அதற்கான ஆவணங்களை வாங்கும்போதே கையில் வாங்கிவிடுங்கள்.

திறப்பது என்று முடிவானால், கழுவுவது, சுரண்டுவது எல்லாம் நீங்களே செய்து கூலியைக் குறைக்கலாம். கனெக்டிங் ராட் மூடிகளை எந்த சிலிண்டர், எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள், மாற்றிப் போட்டால் கிராங்க் கெடும். ஹெட் கேஸ்கெட், பேரிங், டைமிங் செயின் டென்ஷனர், வாட்டர் பம்ப், இவற்றில் மட்டும் காசு பார்க்காதீர்கள். கசிவை அடைக்கும் பசையான லிக்விட் கேஸ்கெட்டைத் தாராளமாகப் பூசவும் கூடாது: உள்பக்கம் பிதுங்கிய துண்டு உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் புது பேரிங் நாசமாகிவிடும்.

ஓட்டுவதற்கு முன் பிளக் இல்லாமல் சுற்றவிட்டு ஆயில் விளக்கு அணைவதைப் பாருங்கள். பிறகு ஐட்லிங்கில் நெடுநேரம் நிறுத்தாமல், ஏற்றம் இறக்கமாக வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ரிங் அப்படித்தான் சுவரில் படியும். முதல் எண்ணெயை 500 கிலோமீட்டரிலேயே மாற்றி, வடித்த எண்ணெயில் காந்தம் விட்டுப் பாருங்கள். நைஸான பொடி ஒட்டினால் சரி, துண்டு துண்டாக இரும்பு வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.