படம் மாட்டும் முன் கட்டிலில் படுத்துப் பாருங்கள்

வாசகர்களின் கேள்விகளும், படம் வரையும் எனது பதில்களும்.

காரைக்குடியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். சுவருக்கு நவீன ஓவியமா, இயற்கைக் காட்சியா?

இயற்கைதான், யோசிக்கவே வேண்டாம். ஆய்வாளர் ரோஜர் அல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. பின்னர் ஸ்வீடனில் இதய அறுவை நோயாளிகளிடம் பார்த்தபோது, நீரும் மரமும் உள்ள படம் பதற்றத்தைத் தணித்தது. கட்டம் கட்டமான, எந்த உருவமும் தெரியாத அரூப ஓவியமோ, படமே இல்லாததைவிட மோசம்.

நானும் பட்டிருக்கிறேன். செட்டிநாட்டு வெயிலை வரைகிறேன் பேர்வழி என்று, ஒரு மருத்துவமனைக்குச் சிவப்பும் காவியுமாகத் தீட்டிக் கொடுத்தேன். எதிர்க்கட்டிலில் இருந்த பெரியவர் நர்ஸைக் கூப்பிட்டு, "தாயி, அந்த ரத்தக்கறையக் கழுவச் சொல்லு" என்றாராம். மறுநாளே கழற்றி வந்துவிட்டேன்.

உங்களுக்கு ஊருணிக்கரையும் ஓர் ஆலமரமும் போதும். மாட்டும் முன், நோயாளிக் கட்டிலில் ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்துப் பாருங்கள். கண்ணுக்கு எதிரே இருப்பது மின்விசிறி என்றால், படமும் மேலேதான் இருக்க வேண்டும். கண்ணாடிச் சட்டம் மட்டும் வேண்டாம், டியூப்லைட்தான் தெரியும்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பத்தாவுக்கு வலது கை பலவீனம். நடுவீட்டுக் கோலம் போட்ட கை, இப்போது கோலப்பொடியையே தொட மாட்டேன் என்கிறது. (தேவகோட்டை)

கோணலாக வந்துவிடுமோ என்ற கூச்சமாக இருக்கலாம். பொடி சிரமம், இரண்டு விரல் நுனியில் கிள்ளி, அளவாக விட வேண்டும். மாக்கோலத்துக்கு வாருங்கள். அரைத்த பச்சரிசி மாவில் நனைத்த துணியை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால், மாவு மோதிரவிரல் வழியாக இறங்கும். அந்தப் பிழிதலே கைக்கு வேலைதான், ஆனாலும் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் உட்கார வைக்காதீர்கள். மேசைமேல் ஒரு கருப்புப் பலகை வையுங்கள். "போடுங்க" என்பதைவிட "எனக்குச் சொல்லிக்கொடுங்க அப்பத்தா" என்று கேளுங்கள். இழை வளைந்தால் துடைத்துத் திருத்த வேண்டாம். செம்மண் கட்டுவது உங்கள் வேலை.

நீலம் ரத்த அழுத்தத்தையும், பச்சை சர்க்கரையையும் குறைக்குமாமே? வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் (வண்ணப் பூ போட்ட தரை ஓடு) பதிக்கப்போகிறோம்.

குறைக்காது. பிடித்த நிறத்தைப் பதியுங்கள். மறதி நோய் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும், நடக்கும் வழியில் கரும்பூ வேண்டாம். சிலருக்கு அது குழி மாதிரித் தெரிந்து, கால் வைக்கத் தயங்குவார்கள். பூக்கல்லைச் சுவரோரம் ஓட்டிவிடுங்கள்.

எனக்கு வரையவே வராது. வரைந்தால் மனசு லேசாகுமா? (பள்ளத்தூர்)

வரத் தேவையில்லை. 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் இஷ்டத்துக்கு வரையவும் களிமண் பிசையவும் விட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மனஅழுத்த ஹார்மோனான கார்டிசோல் இறங்கியது. முன்அனுபவம் இருந்ததா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. சின்ன ஆய்வுதான், அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும். யாரிடமும் காட்ட வேண்டாம், என்னிடமும்.