முகப்பில் மீன், பின்பக்கத்தில் கோழி

கேள்வி: எங்கள் ஸ்பிட்ஸ் நாய்க்கு மூன்று வயது, எடை ஆறு கிலோ. கருத்தடை செய்தாகிவிட்டது. சிக்கன் டாக் ஃபுட்தான் சாப்பிடுகிறான். சில மாதங்களாகப் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான், காதையும் சொறிகிறான். மீன் உணவுக்கு மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். எதைப் பார்த்து வாங்குவது, எவ்வளவு போடுவது? வீட்டில் மத்தி அவித்துக் கொடுக்கலாமா?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: உணவை மாற்றும் முன் உண்ணி, தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி மூன்றையும் முடியை விலக்கிப் பார்க்க வேண்டும். பூச்சி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. அது இருக்கும்வரை எந்த உணவும் அரிப்பை நிறுத்தாது.

பூச்சி இல்லை, கோழி மேல்தான் சந்தேகம் என்றால் மீன் நல்ல தேர்வு. ஆனால் அவன் இதுவரை மீன் அதிகம் சாப்பிடாதவனாக இருக்க வேண்டும். வாரம் தவறாமல் மீன் தின்று வளர்ந்த நாய்க்கு மீனே ஒவ்வாமல் இருக்கலாம்.

கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பொருள்களை எடை வரிசையில் எழுதுவார்கள், அந்த எடையில் தண்ணீரும் சேர்த்தி. பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆகவே ‘ஃபிஷ்’ முதலில் இருந்து, அடுத்து மக்காச்சோளமும் ‘சிக்கன் மீல்’லும் (உலர்த்திப் பொடித்த கோழி) வந்தால், அது பெயருக்குத்தான் மீன் உணவு. தண்ணீர் வற்றிய ‘ஃபிஷ் மீல்’ முன்வரிசையில் இருப்பதே மேல். பிறகு கோழியைத் தேடுங்கள்: சிக்கன் ஃபேட், போல்ட்ரி மீல், சிக்கன் லிவர், எந்த விலங்கு என்று சொல்லாத ‘அனிமல் டைஜஸ்ட்’, ‘மீட் மீல்’. இதில் ஒன்று இருந்தாலும் உங்கள் நாய்க்கு அது ஆகாது. ‘ஓஷன் ஃபிஷ் ஃப்ளேவர்’ என்றால் மணம்தான் மீன், மற்றதெல்லாம் வேறு.

சின்ன இனத்துக்கென்று தயாரித்த, பட்டாணி அளவு உருண்டை வாங்குங்கள். பெரிய உருண்டையைக் கடிப்பது சின்ன நாய்க்குச் சிரமம்.

ஆறு கிலோ, கருத்தடை செய்த நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 400 கலோரி. நூறு கிராமில் 370 கலோரி உள்ள உணவென்றால் சுமார் 108 கிராம், இரு வேளையாக. டம்ளர் கணக்கு வேண்டாம், சமையல் தராசில் நிறுங்கள். வீட்டுக்குள்ளேயே கிடப்பவன் என்றால் 90 கிராமில் தொடங்கி, மாதம் ஒருமுறை எடை பார்த்துச் சரிசெய்யுங்கள். பழைய உணவில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, ஏழு முதல் பத்து நாளில் முழுக்க மாற்றினால் வயிறு கெடாது.

வேலூர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. மீன் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். திறந்த மூட்டையிலிருந்து அள்ளித் தரும் சில்லறை உணவை வாங்காதீர்கள். ஐந்து கிலோ மலிவுதான், ஆனால் உங்கள் நாய்க்கு அது ஒன்றரை மாதத்துக்கு மேல் வரும். ஒன்றரை கிலோ பாக்கெட் போதும். பாக்கெட்டோடு இறுக்கமான டப்பாவில் வைத்து நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜுக்குள் எடுத்து எடுத்து வைத்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும். பழைய பெயின்ட் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

மத்தியை உப்பில்லாமல் அவித்து, தலை, குடல், முள் எடுத்து 20 கிராம் வரை தரலாம். அந்தக் கலோரி அளவுக்கு உருண்டையைக் குறையுங்கள். பச்சையாகத் தர வேண்டாம். பி1 வைட்டமினை அழிக்கும் நொதி மத்தியில் உண்டு, வெந்தால்தான் போகும். கடலிலிருந்து இவ்வளவு தூரம் வரும் மீனில் ஐஸ் உருகியிருந்தால் வாங்கவே வேண்டாம். மத்தி, கானாங்கெளுத்தி சூடேறினால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும், அவித்தாலும் அது போகாது, அரிப்பையும் கிளப்பும். குழம்பு மீனைக் கழுவிக் கொடுப்பதும் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. கருவாட்டில் உப்பு அதிகம். மீனும் சோறும் மட்டுமே தினப்படி உணவானால் கால்சியம் போதாது.

மீன் உணவு மட்டும் என்பதை எட்டு வாரம் கண்டிப்பாக நடத்த வேண்டும். பிஸ்கெட், பால், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு, சிக்கன் மணமுள்ள பூச்சி மாத்திரை எதுவும் இடையில் போகக் கூடாது. வீட்டுக்கு வருபவர்களிடமும் சொல்லிவையுங்கள், பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது. அரிப்பு அடங்கினால் பழைய சிக்கன் உணவை மறுபடி கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் சொறி திரும்பினால் அந்த உணவுதான் காரணம், மீனிலேயே வைத்துக்கொள்ளலாம். எட்டு வாரம் கழித்தும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கடை உணவில் துளி கோழி கலந்திருக்கவும் வழியுண்டு. அதனால் ஹைட்ரோலைஸ்டு உணவில் (ஒவ்வாமை வராதபடி புரதத்தைச் சிறு துண்டாக உடைத்தது) ஒரு சுற்று வைத்துப் பார்ப்பதா, தோல் பரிசோதனையா என்று அவர் முடிவுசெய்வார்.